வியாழக்கிழமைப் பை

அக்கம்பக்கத்தில் சில வீடுகளில் மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கே கஷ்டம் என்று தெரியவந்ததும், நாலு பேர் சேர்ந்து பணம் போட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. முதல் தடவை பை வீங்கியிருக்கும். இரண்டாவது தடவை அது பாதியாகும். மூன்றாவது தடவை யார் கடைக்குப் போவது என்பதிலேயே மனஸ்தாபம் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். கொடுத்தவர்களுக்கு மனமில்லாமல் இது நிற்பதில்லை. தொடங்கும்போது யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை, அதனால்தான் நிற்கிறது.

அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்கள் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரு வீட்டுக்கு ஒரே தடவையில் இருபது கிலோ சாமான் இறக்குவதைவிட, வாராவாரம் அதே கிழமையில் நாலு கிலோ கொடுப்பது மேல். வியாழக்கிழமை பை வரும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அந்த வீட்டுக்காரர் கையிலிருக்கும் பணத்தை வாடகைக்கோ மருந்துக்கோ எடுத்துவைக்க முடியும். வருமா வராதா என்று தெரியாத பையை நம்பி எதையும் திட்டமிட முடியாது. 1969 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஒரு தேவாலயத்தில் குழந்தைகளுக்குக் காலை உணவு கொடுக்கத் தொடங்கியபோது அதைப் பள்ளி நாட்களோடும் பள்ளி மணியோடும் கட்டிவைத்தார்கள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு அன்றைக்குச் சாப்பாடு உண்டு என்று தாய்க்கு முந்தின இரவே தெரிந்திருக்கும். அதே ஆண்டில் அது பல நகரங்களுக்குப் பரவியதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

யாருக்கு என்று எப்படித் தெரியும்?

பசி திடீரென்று ஒரு வீட்டுக்குள் நுழைவதில்லை, படிப்படியாகத்தான் வரும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உலகம் முழுக்கக் கேட்கும் எட்டுக் கேள்விகள் இந்தப் படிகளை நன்றாகக் காட்டுகின்றன. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலை வந்ததா, சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா, ஒரே மாதிரியான சில பண்டங்களையே சாப்பிட நேர்ந்ததா, ஒரு வேளையை விட்டீர்களா, அளவைக் குறைத்தீர்களா, வீட்டில் உணவே தீர்ந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, ஒரு முழு நாள் பட்டினி கிடந்தீர்களா. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படும்போது அந்தக் குடும்பம் பெரும்பாலும் நாலைந்து படி இறங்கியிருக்கும். பெரியவர்கள் தங்கள் தட்டைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் போடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் வாடும்போது தெரிகிறது என்றால் ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

ஆகவே "உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்களை" கண்டுபிடிக்கும் வேலையில் இறங்க வேண்டாம். மேலே சொன்ன கேள்விகளை எடுத்துக்கொண்டு யார் வாசலுக்கும் போகவும் வேண்டாம். அவை ஆய்வுக்கானவை, கதவைத் தட்டிக் கேட்பதற்கானவை அல்ல. கிழமை, நேரம், இடம், ஒரு தொலைபேசி எண், அதன் கீழே "யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை" என்ற ஒரு வரி. இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தெருவின் எல்லா வீட்டுக்கும் போடுங்கள். சந்தேகப்படும் வீடுகளுக்கு மட்டும் போட்டால், சீட்டு வந்த வீடு எது, வராத வீடு எது என்று அன்று மாலைக்குள் தெரு பேசிவிடும். அப்புறம் சீட்டு வந்த வீட்டுக்காரர் உங்களைப் பார்த்தால் அடுத்த பக்கம் நடப்பார்.

வசதியுள்ளவர் யாராவது வந்து வாங்கிப்போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் எழும். சிலர் வாங்கத்தான் செய்வார்கள். அவர்களைத் தடுக்க வருமானச் சான்று, அடையாள அட்டை என்று ஏற்பாடு செய்தால், வெட்கப்படுகிற பத்துப் பேர் முதலில் விலகுவார்கள்; கூச்சமில்லாத அந்த ஒருவர் எந்தத் தாளையும் கொண்டுவந்து நீட்டுவார். சோதனை போடுவதற்கு ஆகும் நேரத்தைப் பொட்டலம் கட்டுவதில் செலவழிக்கலாம். கொடுத்த சாமானை ஒருவர் விற்றுவிட்டார் என்ற புகாரும் வரும். அப்படி நடந்தால் அந்த வீட்டுக்கு அரிசியைவிட அவசரமான செலவு ஒன்று இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் என்ன என்று கேளுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெயர் எழுதிக்கொள்ளும்போது ஐந்து விஷயம் கேட்டால் போதும். வீட்டில் எத்தனை பேர். ஒரு வயதுக்குள் குழந்தை உண்டா. எந்தப் பண்டமாவது ஒத்துக்கொள்ளாதா, சர்க்கரை நோய் போல ஏதாவது உண்டா. சமைக்க அடுப்பும் எரிபொருளும் இருக்கிறதா. பையை எங்கே, எத்தனை மணிக்குக் கொடுக்கலாம். இதில் நாலாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எரிபொருள் தீர்ந்த வீட்டுக்கு ஐந்து கிலோ தானியம் கொடுத்தால் அது மூலையில் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அடுப்பே வேண்டாத பண்டம் வேண்டும், அல்லது அந்தத் தெருவில் யாராவது சமைத்துக் கொடுக்க வேண்டும்.

பைக்குள் என்ன, எவ்வளவு

பேரிடர்க் கால நிவாரணத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துத் திட்டமிடுவார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 58,800 ஆகிறது. அந்த முழு அளவையும் ஒரு தெருக் குழு கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டியதில்லை. பாதிக்குச் சற்று மேலே கொடுத்தாலே அந்த வீட்டின் வாரம் மாறிவிடும். கணக்கைப் பாருங்கள்: 5 கிலோ தானியம் ஏறத்தாழ 17,500, ஒன்றரைக் கிலோ பருப்பு 5,100, ஒரு லிட்டர் எண்ணெய் 8,200, அரைக் கிலோ வேர்க்கடலை 2,800. கூட்டினால் 33,600. வாரத் தேவையில் ஏறக்குறைய 57 சதவீதம். எண்ணெயைப் பாருங்கள், எடையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, சக்தியில் நாலில் ஒரு பங்கு. பணம் குறையும்போது எல்லாரும் முதலில் வெட்டுவது எண்ணெயைத்தான், அது தப்பான இடம்.

நாலு பண்டம்தானா என்று தோன்றும். வேண்டுமென்றேதான். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்கள் கூட்டாகப் பணம் போட்டுத் தொடங்கிய கடை வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்று கைவிரலில் எண்ணக்கூடிய சரக்கோடுதான் திறந்தது. கூட்டுறவு இயக்கமே அதிலிருந்து வளர்ந்தது. பண்டங்கள் கூடக்கூட ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் தீரும், வாங்க வெவ்வேறு இடத்துக்குப் போக வேண்டும், ஒன்று கிடைக்காவிட்டால் பை நிற்கும். நாலைந்து பண்டங்கள் மாறாமல் இருக்கட்டும். ஆறாவதாகக் காய், பழம், முட்டை என்று அந்த வாரம் மலிவாகக் கிடைப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். அது நாம் தருவதாகச் சொன்ன வாக்கில் சேராது.

பருப்பு வாங்கும்போது உடைத்த பருப்பாக வாங்குங்கள். முழுப் பயறு விலையில் குறைவாக இருக்கலாம், ஆனால் வேக நேரமெடுக்கும்; நீங்கள் மிச்சப்படுத்தியதை அந்த வீடு எரிபொருளில் செலவழிக்கும். சிவப்பு ராஜ்மா வகை கிடைத்தால் கூடவே ஒரு சீட்டு வையுங்கள்: ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நச்சு கடுமையான வாந்தியைக் கொண்டுவரும். வேர்க்கடலை ஒவ்வாத வீட்டுக்கு இன்னொரு அரைக் கிலோ பருப்பு வைத்து, அந்தப் பையைத் தனி மேசையில் கட்டுங்கள். கடலைத் தூசி பட்ட கையோடு கட்டினால் மாற்றிக் கொடுத்தும் பயனில்லை.

தானியத்தை ஐந்து கிலோப் பையாகக் கட்டாமல் ஒரு கிலோப் பொட்டலமாகக் கட்டுவது நல்லது. தனி ஆளுக்கு இரண்டு, இருவருக்கு மூன்று, நால்வருக்கு ஐந்து, ஆறு பேருக்கு எட்டு என்று எடுத்து வைத்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு வீட்டுக்கும் தராசு தேவைப்படாது. இங்கேதான் ஒரு ஓட்டை விழும். கைத்தாராளத்தில் பொட்டலத்துக்கு 50 கிராம் கூட விழுந்தால் 60 பொட்டலத்தில் 3 கிலோ போய்விடும், கடைசி வீட்டுக்குப் பொட்டலம் குறையும். மூட்டையில் குறைவாக வந்தது என்று கடைக்காரர் மேல் பழி விழும். தராசு வைத்திருப்பவர் ஒருவர், அள்ளிப் போடுபவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். அள்ளுபவரே தராசையும் பார்த்தால் கை தானாகக் கூட்டிப் போடும்.

மேலே சொன்ன பை எட்டுக் கிலோ வருகிறது. வயதானவர் அதை மூன்று மாடி தூக்க மாட்டார். இரண்டு பையாகப் பிரித்தால் இரண்டு கைக்கும் சமமாக இருக்கும். பை சாதாரணக் கடைப் பையாக இருக்கட்டும். குழுவின் பெயரோ படமோ அச்சடித்த பையைக் கையில் பிடித்துத் தெருவில் நடப்பது யாருக்கும் பிடிக்காது. புகைப்படம் எடுப்பதையும் இதோடு சேர்த்துத் தடை செய்துவிடுங்கள். நன்கொடையாளர் படம் கேட்டால் கட்டி அடுக்கிய பைகளைப் படமெடுத்து அனுப்பலாம், வாங்குகிறவர் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது.

சரக்கு வைக்கும் அறை பற்றிச் சுருக்கமாக. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி. சோப்பு, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எதுவும் அதே அறையில் இருக்கக்கூடாது, மாவு வாசனையை இழுத்துக்கொள்ளும். மூட்டை வந்த தேதியைத் தடித்த பேனாவால் எழுதி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள். வண்டு விழுந்த ஒரு மூட்டையை மற்ற மூட்டைகளோடு ஒரு வாரம் விட்டால் எல்லாமே போய்விடும்.

எத்தனை வீடு

முப்பது பேர் மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லியிருந்தால் இருபது பேருடைய பணம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பையின் விலையால் வகுங்கள், வரும் எண்தான் மாதத்துக்கு எத்தனை பை என்பது. வாரம் ஒரு பை என்றால், எத்தனை வீடு என்று தெரிய அதை 4.33-ஆல் வகுக்க வேண்டும், நாலால் அல்ல. ஐந்து வியாழக்கிழமை வரும் மாதங்கள் உண்டு. இந்தச் சின்ன வித்தியாசத்தால் தடுமாறும் குழுக்கள் ஏராளம்.

முதல் பை வெளியே போவதற்கு முன்னால் இரண்டு சுற்றுக்கான சரக்கு அறையில் இருக்க வேண்டும். ஒரு சுற்று கொடுப்பதற்கு, இன்னொன்று ஆபத்துக்கு. பணம் தாமதமானால், கடை அடைத்திருந்தால், வண்டி கிடைக்காவிட்டால் அந்த இரண்டாவது சுற்று காப்பாற்றும். இரண்டு சுற்றுக்குக் காசு இல்லையென்றால் வீடுகளைக் குறையுங்கள். பன்னிரண்டு வீட்டுக்கு இழுத்துப்பறித்துக் கொடுப்பதைவிட ஆறு வீட்டுக்கு நிதானமாகக் கொடுக்கலாம். ஆறு சுற்று ஒன்றுகூடத் தவறாமல் நடந்தபிறகு இரண்டிரண்டு வீடாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

பன்னிரண்டு வீடு நிறைந்து பதின்மூன்றாவது ஆள் கூப்பிடும்போது எல்லாருக்கும் தோன்றும் யோசனை, எல்லாப் பையிலும் ஒரு பிடி எடுத்து இன்னொரு பை கட்டலாமே என்பது. ஒரு தடவை செய்தால் யாருக்கும் தெரியாது. நாலு தடவை செய்தால் ஐந்து கிலோ மூன்றேமுக்கால் கிலோவாகி, எல்லா வீட்டுக்கும் வாரக் கடைசியில் பற்றாக்குறை வந்திருக்கும். யாரும் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். காத்திருப்புப் பட்டியல் வையுங்கள், அதில் தேதி போடுங்கள்.

தொலைபேசியில் பேசுகிறவருக்கு இதற்கான பேச்சைப் பழக்கிவிட வேண்டும். "பார்க்கலாம்ங்க" என்ற பதில் கூடவே கூடாது. அதைக் கேட்டவர் மூன்று நாள் காத்திருப்பார். இப்படிச் சொல்லலாம்: "அம்மா, இந்த வாரப் பையெல்லாம் பேசியாச்சுங்க. உங்க பேர காத்திருப்புல மூணாவதா எழுதியிருக்கேன். அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை இடம் வரும்னு இருக்கு. வந்தாலும் வராட்டியும் முந்தின நாள் சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்." இல்லை என்பது தெளிவாக இருக்கிறது, எப்போது என்பதும் இருக்கிறது. அவசரத்துக்கு என்று எப்போதும் இரண்டு சின்னப் பை கட்டித் தனியாக வைத்திருந்தால், இன்றைக்கே வீட்டில் ஒன்றுமில்லை என்கிறவருக்கு இரண்டு நாளுக்காவது கொடுத்தனுப்பலாம். அந்தப் பை அடுப்பில்லாமலும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

பணம்

பணத்தை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை இன்னொருவர் எழுதட்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம். தேதி, வரவு, செலவு, மீதி என்று நாலு பத்தி போதும். ரசீதில் வரிசை எண் போட்டு ஒரு உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள், அதில் வாங்கியவர்கள் பெயர் இருக்கக்கூடாது. பெயர்ப் பட்டியல் வேறு நோட்டு, அது தொலைபேசி வேலை பார்ப்பவரிடம் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியலை ஒரே ஒரு தடவை போட்டாலும் அது தெருவுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

சொந்தக் கணக்கில் குழுப் பணத்தையும் சேர்த்து வைப்பது வசதியாகத் தெரியும். கணக்கு வைத்திருப்பவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ, அவர் கணக்கை வங்கி முடக்கினாலோ அந்த வார வியாழக்கிழமை இல்லை. தனிக் கணக்கு தொடங்க முடியாவிட்டால் வரும் பணத்தை அன்றன்றே சரக்காக மாற்றிவிடுவது பாதுகாப்பு.

ஒரே ஆள் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருவதாக இருந்தால் அதை மாத வரவில் சேர்க்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஊர் மாறிப்போனால் என்ன செய்வது? அதை வாங்கி ஆபத்துச் சரக்கில் போடுங்கள். மாதாமாதம் சிறுதொகை தரும் பதினைந்து பேர் பக்கபலமாக இருந்தால் குழு அசையாது.

யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார்

வாங்குகிறவர்களையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளாத குழு கொஞ்ச நாளில் தர்மக் குழுவாகிவிடும், அப்புறம் கொடுக்கிறவர்கள் களைத்துப்போனால் எடுத்துச் செய்ய ஆளிருக்காது. பை வாங்குகிற வீட்டில் நன்றாகக் கணக்கு எழுதுகிறவர் இருப்பார், வண்டி ஓட்டத் தெரிந்தவர் இருப்பார், எந்தக் கடையில் எந்த நாள் என்ன மலிவு என்று விரல்நுனியில் வைத்திருப்பவர் நிச்சயம் இருப்பார். குறைந்த பணத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குத் தெரிந்த விலை விவரம் மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள். வேலை செய்தால்தான் பை என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். உடம்பு முடியாதவர், இரண்டு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரர் இவர்கள்தான் அதில் முதலில் விழுவார்கள்.

ஐந்து வேலை இருக்கிறது: தொலைபேசி, கணக்கு, கொள்முதல், பொட்டலம், கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். இரண்டாவது ஆள் உதவியாளர் அல்ல, நாலு சுற்றில் ஒரு சுற்று அவரே தனியாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால்தான் முதல் ஆள் மனசுக்குள் மட்டும் வைத்திருந்த விவரங்கள் வெளியே வரும்: எந்தக் கதவை இரண்டு தடவை தட்ட வேண்டும், எந்த வீட்டில் மணியடித்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். இதையெல்லாம் நோட்டில் ஏற்றுங்கள். சீக்கிரம் களைத்துப்போவது தொலைபேசி வேலைக்காரர்தான். எல்லாருடைய கஷ்டத்தையும் கேட்டு, இல்லை என்றும் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதுவும் சொந்த எண்ணில் அல்ல, என்று வரையறுத்துவிடுங்கள்.

சமைத்த உணவு

உலர் சாமானில் தப்பு நடந்தால் வண்டு வரும், சமைத்ததில் தப்பு நடந்தால் ஆஸ்பத்திரிதான். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். குத்திப் பார்க்கும் வகை வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஐஸ் கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் வைத்தால் அது 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்; மாதம் ஒரு முறை சோதியுங்கள்.

4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கீழே சொல்லும் முறைப்படி ஆறவைக்கும் உணவைத் தவிர, எந்த உணவும் அந்த இடைவெளியில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பெரிய அண்டாவில் வடித்து மூடிவைப்பதுதான் பெரும்பாலான தவறுகளின் தொடக்கம். இருபது லிட்டர் அண்டாவின் நடுப்பகுதி இரவு முழுக்க இளஞ்சூட்டிலேயே இருக்கும், பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சோற்றில் வேறொரு சிக்கல். பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் விதைகள் வேகும்போது சாவதில்லை. சோறு வெளியே கிடக்கும்போது முளைத்து நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா கொதிக்க வச்சுட்டோமே" என்பது இங்கே செல்லாது.

எனவே இரண்டே வழி. சுடச்சுட 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்து உடனே கொடுத்துவிடுவது. அல்லது ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள்ளும் இறக்கி, குளிர்பெட்டியில் வைப்பது. மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். முதல் கட்டத்தில் இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் முகர்ந்து பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். கெட்டது வாசனையில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

வாந்தியோ பேதியோ வந்தவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையலுக்கும் பொட்டலத்துக்கும் வரக்கூடாது. ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன உணவு, சமைத்த மணி, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும், பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, மீன், இறால் நண்டு இவற்றில் எது இருக்கிறது என்று எழுதுங்கள். மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின், நாலு லிட்டர் தண்ணீரில் 15 மில்லி வாசனை சேர்க்காத 5 சதவீத குளோரின் பிளீச் கலந்து துடைக்கலாம். அந்தக் கலவையை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும்.

தெருவில் பொதுக் குளிர்பெட்டி வைக்கும் யோசனைக்கும் இதெல்லாம் பொருந்தும். பெட்டி வாங்குவது எளிது, தினமும் திறந்து பார்த்து வெப்பநிலையைக் குறித்து, சிந்தியதைத் துடைக்கும் ஏழு பேர் கிடைப்பதுதான் கடினம். ஏழு கிழமைக்கும் ஏழு பெயர் எழுத முடியாவிட்டால் பெட்டி வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

மிஞ்சிய உணவைத் திரட்டிக் கொடுக்கும் உணவு வங்கி முறை 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதிலிருந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. தெருக் குழுவும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஆனால் மிச்சம் என்பது கொடுப்பவருடைய நாட்காட்டிப்படி வரும். இந்த வாரம் நாற்பது பாக்கெட் பிஸ்கட், அடுத்த வாரம் ஒன்றுமில்லை. அதனால் அதை ஆறாவது பண்டத்தில் மட்டும் வையுங்கள், முதல் நாலைந்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

திறந்த பாக்கெட், பெயர் ஒட்டாத பொடி, வீட்டில் டப்பாவில் அடைத்துப் பதப்படுத்தியது எல்லாம் வேண்டாம். சரியாகப் பதப்படுத்தாமல் காற்றுப் புகாதபடி மூடிய டப்பாவில் உண்டாகும் பாட்டுலிசம் நச்சுக்கு நிறமோ மணமோ இருக்காது. கடை டப்பாவும் உப்பியிருந்தால், கசிந்தால், விளிம்பில் நசுங்கியிருந்தால் திறந்துகூடப் பார்க்காமல் எறியுங்கள். தேதியில் இரண்டு வகை உண்டு: சுவை குறையலாம் என்று சொல்லும் தேதி, அதற்குமேல் சாப்பிடவே கூடாது என்று சொல்லும் தேதி. முதல் வகை தாண்டிய உலர் பண்டத்தைத் தேதியைச் சொல்லிவிட்டே கொடுக்கலாம், இரண்டாவது வகையைக் கொடுக்கக்கூடாது. உங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டீர்கள் என்றால் பைக்குள்ளும் போட வேண்டாம்.

குழந்தைப் பால்மாவு தனி விஷயம். 1981-இல் உலக சுகாதார மாநாடு தாய்ப்பால் மாற்றுகளை விற்பதற்கு நெறிமுறை வகுத்ததற்குப் பின்னால் கைக்குழந்தைகள் நோய்வாய்ப்பட்ட கசப்பான அனுபவம் இருக்கிறது. எல்லாப் பையிலும் ஒரு டின் என்று போட்டால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் அது போய், பால் குறைந்து, டின் தீர்ந்தபின் இரண்டும் இல்லாமல் போகும். ஏற்கெனவே பால்மாவு குடிக்கும் குழந்தை இருந்தால் அதே வகையை, டின் தீரும் நாளைக் கணக்கிட்டுத் தவறாமல் வாங்கிக் கொடுங்கள். இதில் ஒரு வாரம் தவறினால் தாய் தண்ணீர் கூட்டிக் கலக்க ஆரம்பிப்பார், அது ஆபத்து. கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும், பின் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதையும் அந்த வீட்டுச் சீட்டிலேயே எழுதிவிடலாம்.

நிறுத்தும்போது

எல்லாக் குழுவும் ஒரு நாள் நிற்கும். ஆள் குறையும், பணம் குறையும், சில வீடுகளுக்கு வேலை கிடைத்துப் பை வேண்டாம் என்றாகும். அறையில் சரக்கு இரண்டு சுற்றுக்கு இருக்கும்போதே முடிவெடுத்து, எல்லா வீட்டுக்கும் நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்: இன்னும் இரண்டு வியாழக்கிழமை உண்டு, அதற்கப்புறம் இல்லை. கடைசிச் சுற்று வழக்கமான அளவில் இருக்கட்டும். பிரிவுபசாரமாகப் பையைப் பெருக்க ஆசை வரும், அதற்குப் பதில் அதே சரக்கில் மூன்றாவது வியாழக்கிழமை ஒன்று கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பக்கத்தில் வேறு குழுவோ அரசு உதவியோ இருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதை அந்த இடைவெளியில் முடித்துவிடலாம். மீதிப் பணத்தையும் கடைசிக் கணக்கையும் பணம் தந்தவர்களுக்குக் காட்டி, எந்தக் குழுவுக்குக் கொடுப்பது என்று அவர்களையே கேளுங்கள். வரவுசெலவு நோட்டைப் பத்திரமாக வையுங்கள். பெயர்ப் பட்டியல் இருந்த நோட்டைக் கிழித்துவிடுங்கள், கைபேசியில் உள்ள நகலையும் அழித்துவிடுங்கள்.